'ஒருமனதாக' என்று எழுதியதால் வீணான இரண்டு மாதம்

சென்னையில் எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். அவற்றில் 13 வீட்டுக்காரர்கள் துபாய், பெங்களூரு என்று வெளியே இருக்கிறார்கள். பழைய லிஃப்டை மாற்றுவதற்காகக் கூட்டிய பொதுக்குழு இரண்டு முறை கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது. வர முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரைப் பதிலாளாக அனுப்பி வாக்களிக்க எங்கள் சங்கத்தின் துணைவிதியில் (பைலா) இடமில்லை. வெளியூர்க்காரர்கள் அனுப்பிய சம்மத மின்னஞ்சல்கள் எதற்கும் உதவவில்லை. முதலில் துணைவிதியைத் திருத்துவோம் என்று சங்கச் செயலாளரான நான் இறங்கினேன்.

வாட்ஸ்அப்பில் 15 நாள் முன்னதாகச் செய்தி போட்டோம். ஆட்கள் வந்தார்கள், கை தூக்கினார்கள். கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று நிறைவோடு எழுதினேன்.

திருத்தத்தைப் பதியக் கொண்டு போனபோது பதிவாளர் அலுவலகத்தில் "வாசகம் சரியில்லை, மாற்றிக் கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த வாசகம்? பதில் இல்லை. அரை நாள் விடுப்பு போட்டுப் போனவன், வக்கீல் ஒருவரிடம் மொழிநடையைத் திருத்தி வாங்கி மறுபடியும் போனேன். இரண்டாம் முறைதான் வேறொரு ஊழியர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி துணைவிதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு, அதில் 'சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்படும்' என்ற குறிப்பு, வந்திருக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையே என் மினிட்டில் இல்லை. இதை முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே என்ற வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

திரும்ப முதலிலிருந்து. இம்முறை 25 நாள் அவகாசம் வைத்தேன். 21ஐ ஒட்டிப் போகாதீர்கள், நாள் கணக்கில் தகராறு வரும். பழைய விதி, புதிய விதி இரண்டையும் முழுசாக அச்சடித்து, உள்ளூர் வீடுகளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். வெளியூருக்கு ஸ்பீடு போஸ்ட். ரசீதுகளைப் பத்திரமாக ஒட்டி வைத்தேன்.

முந்தைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் கை தூக்கியிருக்கிறார்கள்! எங்கள் விதிப்படி வீட்டுக்கு ஒரு வாக்குதான். ஆகவே வாசலிலேயே வீட்டு எண் வாரியாக ஒரு கையெழுத்து, ஒரு வாக்குச் சீட்டு என்று கொடுத்தோம். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பேசலாம், வாக்கு கிடையாது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். வருத்தம்தான், வேறு வழியில்லை.

வந்தது 23 வீடுகள். சீட்டுகளை வாங்கிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் மாடி மாமி, முழங்கால் வலியோடு, லிஃப்ட் நின்று போயிருந்ததால் படிப்படியாக இறங்கி வந்து சேர்ந்தார். பதிவேட்டில் 24 ஆனது. எண்ணினோம்: ஆதரவு 18, எதிர்ப்பு 4, வெற்றுச் சீட்டு 2. தேவைப்பட்டதும் சரியாக 18. மாமி வராமல் இருந்திருந்தால் 23க்கு 17. நான்கில் மூன்று பங்குக்கு ஒரு வாக்கு குறைந்திருக்கும். வெற்றுச் சீட்டு போட்ட இருவரும் நடுநிலை வகித்ததாக நினைத்திருப்பார்கள். வந்தவர்களைக் கணக்கில் வைத்துத்தான் நான்கில் மூன்று பார்க்கப்படுகிறது என்பதால், அவர்கள் சீட்டு எதிர்ப்புச் சீட்டுக்குச் சமமாகிவிட்டது. உங்கள் கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கையை அங்கேயே மினிட்டில் எழுதி, எதிர்த்தவர்களில் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். மூன்றாம் முறை அலுவலகத்தில் பத்தே நிமிடம். பதிவான நகல் கைக்கு வந்த அன்று மாலையே 13 பேருக்கும் பதிலாள் படிவம் அனுப்பிவிட்டேன். லிஃப்ட் கூட்டத்துக்கான முன்னறிவிப்பு மாமி வீட்டிலிருந்துதான் விநியோகம் தொடங்கியது.