பர்ப்பிள் மூடி டியூப்

“நெகட்டிவ் வந்தா நம்ப வேண்டாம், சரி. பாசிட்டிவ் வந்தா அது நிஜம்தானே மேடம்?”

வெளியூர் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுக்கும் தம்பி, எங்கள் லேபுக்குப் போன் செய்து கேட்டது இது. “அந்த டியூப் ரிஜெக்ட்தான் தம்பி, வேற சாம்பிள் எடுத்து அனுப்புங்க” என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

நுரையீரல் புற்றுநோய்க்கு எர்லோடினிப் சாப்பிட்டு வந்த ஓர் அம்மாவின் ரத்தம் அது. மாத்திரைக்கு நோய் அடங்காமல் போனதால், அந்த மாத்திரையை வேலை செய்யவிடாத டி790எம் என்ற மரபணு மாற்றம் கட்டியில் வந்திருக்கிறதா என்று பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியில், பார்க்க வேண்டும். இருந்தால் ஆசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரைக்கு மாறலாம். சாம்பிள் வந்ததோ பர்ப்பிள் மூடி போட்ட சாதாரண ஈடிடிஏ டியூபில். முந்தின நாள் காலையில் எடுத்து, ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

ஈடிடிஏ ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். வெள்ளணுக்கள் உடைவதை அது தடுக்காது. அதனால்தான் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடச் சொல்கிறோம்: சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் முதலில் 1,600 ஜி வேகத்தில் ஒரு சுற்று, பிரித்ததை மறுபடி 16,000 ஜி-யில். முதல் சுற்று முடிந்து உறிஞ்சும்போது, நடுவில் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்தைத் தொடாமல், அதற்கு மேலே கொஞ்சம் பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிடுவோம். கை லேசாக ஆடினாலும் போச்சு. ஆனால் நேரம் கடந்த டியூபில் கை எவ்வளவு நிதானமாக இருந்தும் பயனில்லை. உடைந்த வெள்ளணுக்களின் டிஎன்ஏ ஏற்கெனவே கலந்திருக்கும். கட்டியிலிருந்து வந்த சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகள் அதில் அமுங்கிப்போகும்.

அமுங்கும், ஆனால் அழிந்துவிடாது. இல்லாத டி790எம்மை உடைந்த வெள்ளணு உண்டாக்கவும் செய்யாது. தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது.

பின் ஏன் மறுத்தேன்? நெகட்டிவ் வந்திருந்தால், ‘சாம்பிள் தரம் குறைவு’ என்று கீழே எழுதியிருப்போம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் வரியைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி மருந்து மாற்றாமல் விட்டிருந்தால்? இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நெகட்டிவ் என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லையே.

“அந்தம்மாவுக்கு நரம்பே கிடைக்க மாட்டேங்குது மேடம்” என்றும் அவர் சொல்லியிருந்தார். வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் ஸ்ட்ரெக் டியூப் அனுப்பிவைத்தோம். அதில் எடுத்தால் அறை வெப்பத்திலேயே 14 நாள் வரை தாங்கும். புது சாம்பிளில் டி790எம் இருந்தது, மிகக் குறைந்த அளவில். அவ்வளவு குறைவு என்றால் பழைய டியூபில் தெரியாமலே போயிருக்கும், மறுத்தது நல்லதுதான் என்று ஒரு நாள் தோன்றும். ஒருவேளை அதிலேயே தெரிந்திருந்தால், இன்னொரு ஊசியும் வீணாகக் காத்திருந்த நாட்களும் மிச்சமாகியிருக்குமே என்று இன்னொரு நாள் தோன்றும்.

நேரம் கடந்த சாம்பிளையும் ஓட்டிப் பார்க்கலாம். மாற்றம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் முடிவே தராமல் வேறு சாம்பிள் கேட்கலாம் என்று எங்கள் லேபின் எழுதிவைத்த நடைமுறையான எஸ்ஓபியில் சேர்க்க இன்சார்ஜிடம் கேட்டிருக்கிறேன். அப்படிச் சேர்த்தால் எல்லா சென்டரும் பர்ப்பிள் டியூபிலேயே நிதானமாக அனுப்ப ஆரம்பித்துவிடுவார்களே என்ற பயமும் எனக்குத்தான் அதிகம்.