மாரிகாலத்து அலுமாரி: ஒரு கொக்குவில் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 3, செவ்வாய்

பெங்கல் புயலோடு வந்த மழை ஓய்ந்துவிட்ட போதிலும், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையின் தாழ்ந்த பக்கத்தில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. கிணறு கலங்கிக் கிடப்பதால் குடிப்பதற்கு மட்டுமன்றி வாய் கொப்பளிப்பதற்கும் கொதித்தாறிய நீரையே பயன்படுத்துகிறேன். சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக மலக்குழியின் கசிவு கிணற்று ஊற்றைச் சென்றடையக்கூடிய நிலத்தில் வாழ்பவர்களுக்கு இது மிகையான எச்சரிக்கை அன்று.

நமது மாரியைக் குளிர்காலம் என்று சொன்னால் கனடாவிலிருக்கும் என் தம்பி சிரிப்பான். இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது இங்கே அரிது. ஆனாலும் ஈரம் ஊறிய சுவரும், மூன்று நாள் காயப்போட்டும் காயாத துணியும், மார்கழி நெருங்க நெருங்கக் கனக்கும் விடியற்பனியும் சேர்ந்து தடிமனையும் இருமலையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வடகீழ்ப் பருவமழை தேக்கிவைத்துவிட்டுப் போகும் தண்ணீரில் நுளம்பு பெருகுவதால் யாழ்ப்பாணத்தில் டெங்கு தலையெடுப்பதும் இந்த மாதங்களில்தான்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கிளை முகாமையாளராக இருந்த காலத்தில், இருப்பை எடையாலும் விலையாலும் காலாவதித் திகதியாலும் அளந்து பழகினேன். ஓய்வுபெற்றுத் தனியே வாழத் தொடங்கிய பிறகு இன்னோர் அளவும் வேண்டியிருக்கிறது. ஒரு பொருளை வாயில் வைக்கும் நிலைக்குக் கொண்டுவர அடுப்பின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதே அது. பத்துக் கிலோ அரிசியும் ஐந்து கிலோ பருப்பும் வீட்டிலிருந்தும், காய்ச்சலோடு எழுந்து நிற்க முடியாதவருக்கு அந்த வீடு வெறும் வீடுதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியவே போய் வந்தேன். சிவப்பரிசி கிடைப்பது அரிதாகியிருக்கிறது. மொட்டைக்கறுப்பன் ஒரு கடையில் மட்டும் இருந்தது. அதையும் தெரிந்தவர்களுக்கென்று பின்பக்கத்தில் வைத்திருந்தார்கள். தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தேங்காயில்லாமல் புட்டும் இல்லை, சொதியும் இல்லை என்ற ஊரில், இந்த விலை தனியே சமைப்பவருக்கு இன்னொரு விதத்திலும் இடைஞ்சலானது. உடைத்த தேங்காயின் மறுபாதி, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இந்த மழைநாள்களில், குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் நெடுநேரம் தாங்காது. ஆகவே இரண்டு தேங்காய்களோடு நிறுத்திக்கொண்டு, தேங்காய்ப்பால் மாப் பைக்கற்றுகள் சில வாங்கினேன். சுவையில் அது தேங்காய்ப்பாலுக்கு ஈடாகாது என்பதை நான் மறுக்கவில்லை. திருவலையில் குந்தியிருந்து துருவ முடியாத நாளுக்குத்தான் அது.

மாலையில் குசினி அலுமாரியை ஒழுங்கு செய்தேன். குனிந்தால் தலை சுற்றும், ஏணியில் ஏறினால் கால் நடுங்கும் என்பதால், நோயில் தேவைப்படும் அனைத்தும் இடுப்பு உயரத்துத் தட்டிலேயே இருக்க வேண்டும் என்பது என் முதல் விதி. அந்தத் தட்டின் முன்வரிசையில், அடுப்பே தேவைப்படாத உணவுகளை வைத்தேன்: கிறீம் கிரக்கர் பிஸ்கற், சமபோஷ என்ற தானிய மா, புழுக்கொடியல் மா, பனங்கட்டி, வாழைப்பழம். புழுக்கொடியல் மாவைப் பலரும் மறந்துவிட்டார்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை இடித்து எடுத்த மா அது. சீனியும் சிறிது தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தால் அப்படியே உண்ணலாம். அவிக்காமல் காயவைக்கும் ஒடியலின் மாவோ ஊறவைத்துக் கசப்பு நீக்கிக் கூழாகக் காய்ச்சவேண்டியது. ஆகையால் அது ஆள் சேர்ந்து கூடியிருக்கும் நாளுக்கு உரியதே தவிர, நோயாளிக்கு உரியதன்று.

அவற்றுக்குப் பின்னால், சுடுநீர் ஊற்றினாலே போதும் என்ற வகை: 400 கிராம் பால்மா, நெஸ்டமோல்ட் பானத்தூள், மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் வறுத்து இடித்த தூள், ஜீவனி என்ற வாய்வழி நீரேற்று உப்புப் பைக்கற்றுகள். மூன்றாவதாக, ஒரே பாத்திரத்தில் கால் மணிநேரத்தில் வெந்துவிடுபவை. வறுத்து உடைத்த அரிசிக் குறுணலும் உடைத்த பயறும் ஒன்றாகக் கலந்து, ஒரு வேளைக் கஞ்சிக்கு ஒரு பொட்டலமாக, உப்பும் சேர்த்தே கட்டிவைத்தேன். அளக்கவும் கழுவவும் தேடவும் வேண்டியதில்லை என்பது சுகமாக இருக்கும்போது அற்பமாகத் தோன்றும். மைசூர்ப் பருப்பும் விரைவில் வேகும். ஆனால் அதற்கு வெங்காயம் வெட்ட வேண்டும், தாளிக்க வேண்டும், பிறகு சோறும் வேண்டும். அதனால் அதைக் கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

வடமராட்சிப் பக்கத்தில் காய்ச்சலினால் அடுத்தடுத்து உயிரிழப்புகள் ஏற்பட்டதைத் தொடர்ந்து, அது எலிக்காய்ச்சல் என்று சுகாதாரத் துறையினர் கூறியிருக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரும் சேறும் காலிலுள்ள கீறல் வழியாக நோய்க்கிருமியை உடலுக்குள் சேர்த்துவிடும் என்பதால், வயலில் இறங்குபவர்களுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். எனக்கு வயல் இல்லை. ஆனால் வளை நிறைய வெள்ளம் புகுந்த எலிகள் மேட்டைத் தேடி வீடுகளுக்குள்தான் வருகின்றன. உணவு சேர்த்துவைக்கும் வீடு அவற்றுக்கு அழைப்பு வைத்த வீடு.

இன்று முழுவதும் அந்த வேலைதான். கூட்டுறவுக் களஞ்சியத்தில் மூட்டைகளைத் தரையில் வைக்கவிட மாட்டோம். பலகையின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கியே அடுக்குவோம். சுவரின் ஈரமும் மூட்டையில் ஏறாது, சுவரோரமாக எலி ஓடினாலும் கண்ணில் படும். அதே முறையில் அரிசியை மூடியிறுகிய தகரப் பேணிக்கும், மாவகைகளைக் கண்ணாடிப் போத்தல்களுக்கும் மாற்றினேன். பொலித்தீன் பையை எலி ஓர் இரவில் கடித்துவிடும் என்பதால், கஞ்சிப் பொட்டலங்களையும் பழைய பால்மாப் பேணியொன்றுக்குள் இட்டேன். பழத்தைக் கழுவாமல் வாயில் வைப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று இந்த வாரம் கட்டுப்பாட்டு விலை அறிவித்திருக்கிறார்கள். விலைப்பட்டியல் கடையில் தொங்குகிறது, அரிசியைத்தான் காணவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

பின்னேரத்திலிருந்து உடம்பு உளைவு, தொண்டை அரிப்பு. வெப்பமானியில் 101 பாகை பரனைற். பக்கத்து வளவுப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

பிஸ்கற்றும் மல்லித்தண்ணீரும், மத்தியானம் ஒரு பொட்டலக் கஞ்சி. முக்காலியை அடுப்படிக்கு இழுத்துப்போட்டு, அதில் இருந்தபடியே துழாவினேன். விடிய ஒருமுறை நீரைக் கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கட்டிலருகில் வைத்துக்கொண்டதால், பிறகு குசினிக்கு அதிகம் போகவேண்டியிருக்கவில்லை.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு. ஒரு நாளில் எட்டுக்கு மேற்படக் கூடாது. உடல்நோவுக்கென்று மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் வேறு நோவுக் குளிசைகளை இந்தக் காலத்தில் தொடவே கூடாது. காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினக் முதலியவை இரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சல் என்று வாய்திறந்து சொல்லாமல் "உடம்பு நோகுது" என்று மட்டும் கேட்பவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள்.

குடித்த நீரையும் கழித்த நீரையும் நேரத்தோடு ஒரு கடுதாசியில் எழுதி வருகிறேன். தனியே இருப்பவரிடம், "கடைசியாக எப்போது சலம் போனது?" என்று கேட்டு நினைவூட்ட ஆளில்லை; காய்ச்சலில் நாள்கள் ஒன்றோடொன்று குழம்பியும் விடும்.

டிசம்பர் 21, சனி

மூன்றாம் நாள் என்பதால் இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பக்கத்து வளவுப் பிள்ளை ஓட்டோ பிடித்துத் தந்து தானும் கூடவே ஏறினாள். வெள்ளத்தில் நடந்தீர்களா, காலில் காயம் உண்டா, கெண்டைக்கால் வலிக்கிறதா என்று எலிக்காய்ச்சலை நினைத்து வைத்தியர் கேட்டார். கண்ணிமையை விரித்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார். டெங்குவில் குறையும் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை ஓர் இலட்சத்து அறுபத்திரண்டாயிரம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருப்பதால் இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் திங்கட்கிழமை மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, ஒருவருமில்லை என்றதும் துண்டில் அதையும் எழுதினார். எண்ணிக்கை குறைந்தால் தனியே இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, வைத்தியசாலை விடுதியில் சேர்ப்போம் என்று விளக்கினார்.

திரும்பி வந்ததும் பிள்ளை சொன்னாள்: "அன்ரி, உள்பக்கம் கொண்டி போட்டிட்டுப் படுக்காதேங்கோ. திறப்பு ஒண்டை என்னட்டைத் தாங்கோ. காலமை ஏழு மணிக்கு நீங்கள் ஃபோன் எடுக்காட்டி நான் வந்து திறப்பன்." இத்தனை ஆண்டுகளாகக் கள்வருக்குப் பயந்து கொண்டி போட்டுப் பழகியவளுக்கு இது இலகுவானதன்று. இருந்தாலும் கொடுத்தேன். 2018 முதல் வடக்கிலும் ஓடுகின்ற 1990 என்ற இலக்கத்து அம்புலன்சுக்கு அழைத்தால் வருவார்கள். கதவை உள்ளிருந்து திறக்க ஆள் வேண்டுமே.

டிசம்பர் 23, திங்கள்

நேற்றிரவோடு காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லாரும் ஆறுதலடையும் இந்தக் கட்டத்தில்தான் டெங்கு திரும்பித் தாக்குவது வழக்கம். காய்ச்சல் தணியும்போதே குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சலம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் போதனா வைத்தியசாலைக்கு நேரே போகவேண்டும். எனக்கு ஒன்றுமில்லை. இன்றைய எண்ணிக்கையும் ஏறித்தான் இருக்கிறது. சாதாரண வைரசுக் காய்ச்சல் என்று வைத்தியர் முடிவு சொன்னார்.

வாய் மட்டும் கைத்துக் கிடக்கிறது. வேப்பம்பூ வடகம் இரண்டைப் பொரித்து, மிளகும் உள்ளியும் தட்டிப்போட்ட ரசத்தோடு குழைசோறு சாப்பிட்டேன். கைப்பைக் கைப்பே எடுக்கும் என்று அம்மா சொல்லுவா. விஞ்ஞானம் என்ன சொல்லுமோ, சோறு இறங்கியது.

டிசம்பர் 28, சனி

இருமலைத் தவிர மற்றதெல்லாம் சரி. அலுமாரியின் கணக்கைப் பார்த்தேன். கஞ்சிப் பொட்டலங்கள் முற்றாகத் தீர்ந்துவிட்டன. பிஸ்கற் பாதி. சமபோஷவைத் தொடவேயில்லை, தொண்டை நோவோடு அந்த உலர்ந்த உருண்டை இறங்காது. புழுக்கொடியல் மாவுக்கும் அதே குறைதான், ஆனால் சுடுபாலில் கரைத்தபோது நன்றாகவே இருந்தது. பால்மா எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது.

உணவல்லாத ஒன்றையும் குறித்துக்கொள்கிறேன். காஸ் சிலிண்டர் இந்த வாரம்தான் தீர்ந்தது. 12.5 கிலோ சிலிண்டரைக் காய்ச்சலோடு உருட்டி மாற்றியிருக்க முடியாது. 5 கிலோச் சிலிண்டர் ஒன்றைத் தனி அடுப்போடு பூட்டியே வைத்திருந்ததால் தேத்தண்ணீர் நிற்கவில்லை. தம்பி தொலைபேசியில் மின்னடுப்பு வாங்கச் சொல்கிறான். மழை இருட்டினாலே மின்சாரம் போகும் ஊரைவிட்டு அவன் போய் நெடுங்காலமாகிறது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

நேற்றுத் தொடங்கிய திருவெம்பாவையின் சங்கும் சேமக்கலமும் விடியற்புறத்தில் ஒழுங்கையால் போயின. பனியில் தலை நனைக்காமல் யன்னலுக்குள் நின்றே கேட்டேன். இருமல் இன்னும் முற்றாக விடவில்லை.

வெயில் ஒழுங்காக எறிக்கத் தொடங்கியிருப்பதால், அரிசியையும் செத்தல் மிளகாயையும் பாயில் பரப்பினேன். மல்லித்தூளில் மெல்லிய பூஞ்சண வாடை இருந்தது. எறிந்துவிட்டுப் புதிதாக வறுக்கவேண்டும். மாரியில் அரைத்த தூளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில் பயனில்லை, சிறிது சிறிதாக இடிப்பதே நல்லது.

பக்கத்து வளவுப் பிள்ளையின் தாயார் தானும் பொட்டலம் கட்டப்போவதாகச் சொன்னா. மகள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் அவவும் தனிதான். அவவின் வீட்டுத் திறப்பு ஒன்று இப்போது என் மேசை இலாச்சியில் இருக்கிறது.

பொங்கலுக்குப் பச்சையரிசியும் பயறும் வாங்கும்போது, பயற்றில் ஒரு கிலோ கூடுதலாக எடுத்து இரண்டு வீட்டுக்குமாக வறுத்து உடைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். குறுணலை இம்முறை இன்னும் சிறிதாக உடைக்கவேண்டும். பால்மா இரண்டு, ஜீவனி, பனடோல் ஒரு அட்டை. சிறிய சிலிண்டரை மாற்றித் தருவதற்குக் கடைக்காரப் பொடியன் நாளை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.