இருபத்துப்பத்து

என் மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது, மூன்று மாடி ஏறுவதுதான் எங்கள் கணக்குப் பாடம். படிக்கு ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே என் விரலைப் பிடித்து ஏறுவாள். ஒருநாள் இருபத்தொன்பதுக்கு அடுத்த படியில் கால் வைத்ததும், கொஞ்சமும் தயங்காமல் "இருபத்துப்பத்து" என்றாள். முப்பது என்று திருத்த வாயெடுத்தவன், மூச்சிரைத்ததாலோ என்னவோ, அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த படியில் "இருபத்துப் பதினொன்று" என்று சொல்லிப் பார்த்தாள். அது வாய்க்குச் சரிப்படவில்லை போலும், நின்று என்னைப் பார்த்தாள். "அப்பா, இதுக்கு வேற பேரு இருக்கா?" என்றாள். அப்போதுதான் அந்தச் சொல்லைக் கொடுத்தேன்.

அந்தத் தவறை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்பது இரவில்தான் உறைத்தது. கேட்டதை ஒப்பிக்கும் பிள்ளை இருபத்துப்பத்து என்று சொல்லாது. ஒன்பதுக்குப் பின் பத்து என்ற ஒழுங்கைத் தானாகவே கண்டுபிடித்து, அதை இருபதுக்குள்ளும் பொருத்திப் பார்த்த பிள்ளைதான் அப்படிச் சொல்லும். நம் எண்ணுப் பெயர்கள் வேறு இந்த வயதுப் பிள்ளைகளை நன்றாகவே சோதிக்கின்றன. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒழுங்காக வரும் வரிசை, அடுத்த அடியில் நூறின் சாயலோடு தொண்ணூறு என்றாகிவிடுகிறது. எண்ணூறுக்குப் பின் வருவதோ ஆயிரத்தின் சாயல் கொண்ட தொள்ளாயிரம். இவ்வளவு காலம் தமிழ் பேசியும், எங்கள் வீட்டில் "ஒன்பதுபது" என்ற சொல் பிறக்கும்வரை நான் இதைக் கவனித்ததே இல்லை.

அதற்கு முன்பு நான் கேட்ட கேள்விகளெல்லாம் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவை. மரக்கட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்வேன். ஏழு வரை சரியாக எண்ணுவாள். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். கவனம் இல்லை என்று கடிந்துகொண்டது இன்றைக்கும் உறுத்துகிறது. எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்று அறிவது இன்னொரு திறமை. எண்ணுதலுக்குள் இப்படித் தனித்தனியே அடங்கியுள்ள விதிகளை உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978-இல் விரித்து எழுதியிருக்கிறார்கள். முதலாவது கைவந்த பிறகும் இரண்டாவது வருவதற்குப் பல பிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

அவளுக்கு அது கட்டைகளில் வரவில்லை, தட்டுகளில் வந்தது. சாப்பிட உட்காரும் எல்லோருக்கும் தட்டு எடுத்து வரும் வேலையை அவளிடம் விட்டிருந்தோம். தொடக்கத்தில் ஒரு தட்டைக் கொண்டுவந்து ஒருவர் முன் வைத்துவிட்டு, அடுத்ததற்கு ஓடுவாள். பிறகு கைக்கு அடங்கிய மட்டும் அள்ளி வந்து, மிஞ்சியதைத் திருப்பி எடுத்துப் போவாள். பல வாரங்கள் கழித்து ஒரு மாலை, உட்கார்ந்திருந்தவர்களை விரல் நீட்டி எண்ணி, "அஞ்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போய், சரியாக ஐந்து தட்டுகளுடன் திரும்பினாள். கட்டைகளை எண்ணி முடித்த பிறகு அந்த எண்ணால் அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தட்டு விஷயத்தில் எண்ணைச் சுமந்துபோனால் நடை மிச்சம்.

சும்மா இருப்பதுதான் அப்பாவின் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. சட்டையின் ஜிப் மாட்டாமல் அவள் அழும்போது தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது கல்நெஞ்சம். கீழ்முனையைப் பொருத்தி நான் பிடித்துக்கொண்டால் மேலே இழுப்பது அவளால் முடிந்தது. சில நாளில் பொருத்துவதையும் அவளே செய்தாள். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலான தூரத்தைத்தான் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி முக்கியமாகக் கருதினார். அந்தத் தூரம் நாளுக்கு நாள் மாறுவதால் அப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. (அலுவலக அவசரத்தில் ஜிப்பையும் காலணியையும் நானே மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடும் காலை வேளைகள் இந்தக் கணக்கில் சேரா.)

நட்சத்திர ஒட்டிகளையும் முயன்றேன். ஒரு படம் வரைந்தால் ஓர் ஒட்டி என்றேன். ஒரே வாரத்தில் வட்டமும் இரண்டு கோடும் கொண்ட படங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. ஒட்டி தீர்ந்ததும் படமும் நின்றது. உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்ந்தோரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு வரைந்த குழந்தைகள், பின்னர் விளையாட்டு நேரத்தில் தாமாக வரைவதில் குறைந்த நாட்டமே காட்டினர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையையும் வீட்டில் செய்து பார்த்தேன். அவர் தம் மூன்று குழந்தைகளையே கூர்ந்து கவனித்து ஏராளமாக எழுதிய அப்பா என்பதால் அவர்மேல் எனக்குத் தனி ஒட்டுதல் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீர் ஊற்றி, மகள் சமம் என்று ஒப்புக்கொண்ட பின், ஒன்றிலிருந்ததை ஒடுக்கமான உயரக் குவளைக்கு மாற்றினேன். உயரமானதில்தான் அதிகம் என்றாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. திரும்ப ஊற்றிக் காட்டினேன். "ஆமா, சமம்" என்றாள். மறுபடி மாற்றியதும் மறுபடி "இதுலதான் நிறைய." அரை மணி நேரம் விளக்கியும் தோற்றுப்போனேன்.

அதற்குப் பின் ஒன்றரை ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குளியலறையில் வாளி, செம்பு, காலி ஷாம்பு பாட்டில் ஆகியவற்றோடு அவளை விட்டுவிட்டேன். தண்ணீர் வீணாகிறது என்று வீட்டில் திட்டு வாங்கியது நான்தான். போன மாதம் அதே குவளைகளை எடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். குவளைகளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதானே ஊத்தினீங்க, கீழ ஒண்ணும் சிந்தலையே! அப்பா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்றேன். குவளையை வாங்கி, எனக்கு ஊற்றிக் காட்டத் தொடங்கினாள்.