உண்ட சாத்தனும் 'மஞ்ஜாத்தோ'வும்

எங்கள் கல்லூரியில் நன்னூல் படிப்பித்த பண்டிதர் மாஸ்ரரை இந்த மலரை வாசிக்கும் பலருக்கும் நினைவிருக்கும். பெயரெச்சம் வந்தால் அவருக்குத் தனி உற்சாகம். காலமும் செயலும் தெரியும், பால் தெரியாது என்பார். உண்ட சாத்தன், உண்ட சோறு, உண்ட கலம் என்று ஒரே 'உண்ட'வை ஆளுக்கும் சோற்றுக்கும் கலத்துக்கும் சேர்த்துக் காட்டுவார்.

அந்தப் பாடம் எனக்குக் கைகொடுத்தது இத்தாலியின் பலெர்மோ நகரில். வேலை முடிந்து போகிற இத்தாலிய வகுப்பில் 'பார்த்திச்சீப்பியோ பஸ்ஸாத்தோ' என்ற இறந்தகால எச்சம் வந்தபோது, எனக்கு அது பெயரெச்சத்தின் உறவுக்காரனாகவே தெரிந்தது. ஆனால் குணம் வேறு. 'வந்தேன்' என்று சொல்ல ஆண் 'சோனோ அர்ரிவாத்தோ' என்பான்; பெண் 'சோனோ அர்ரிவாத்தா' என்பாள். பலராக வந்தால் 'அர்ரிவாத்தி'. பெண்கள் மட்டும் என்றால் 'அர்ரிவாத்தே'. தமிழில் வந்தான், வந்தாள் என்று முற்று பால் காட்டும், 'வந்த' மாறாது. அங்கே 'சோனோ' என்ற முற்று பாலைச் சொல்லாது, எச்சம்தான் சொல்லும். இரண்டு மொழிகளும் ஒரே வேலையை இப்படி மாற்றிப் பகிர்ந்திருப்பதை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இது 'சோனோ'வின் மூலமான 'எஸ்ஸெரே', இருத்தல், என்ற துணைவினையோடு வரும்போதுதான். 'அவேரே', உடைத்தாதல், என்ற துணைவினையோடு வந்தால் ஆணும் பெண்ணும் 'ஓ மஞ்ஜாத்தோ', சாப்பிட்டேன், என்றே சொல்வார்கள். ஆனால் 'அதை' என்ற சுட்டு முன்னே வந்துவிட்டால், சாப்பிட்ட பொருளின் பாலுக்கு எச்சம் இணங்கும். ஆப்பிள் பெண்பால், ஆகவே 'அதை'யும் 'ஓ'வும் சேர்ந்து 'லோ மஞ்ஜாத்தா'. பெயருக்கு அடையாக நிற்கும் 'மஞ்ஜாத்தோ' சோற்றுக்குத்தான் பொருந்தும். உண்ட சாத்தனை அதனால் சொல்ல முடியாது. 'உண்ட சாத்தன்' என்பதை 'கே' என்ற இணைப்புச் சொல் போட்டு ஒரு வாக்கியமாக நீட்ட வேண்டும்.

அங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் பேச்சிலேயே வந்துவிடுகின்றன. தமிழ் படிப்பிக்கிறவர்கள் அதிலிருந்தே பெயரெச்சத்தைத் தொடங்கலாம் என்பது என் விருப்பம்.

இத்தாலியில் வாழும் எங்கள் ஆட்களுக்கு மிக நெருக்கமான எச்சம் 'பெர்மெஸ்ஸோ'. 'பெர்மெத்தெரே', அனுமதித்தல், என்ற வினையின் எச்சம் அது. பெயராகவும் நின்று, வதிவிட அனுமதிப் பத்திரத்துக்கு 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்று பேர் கொடுத்தது. அதே சொல்லைத்தான் நெரிசலான பஸ்ஸில் வழி கேட்கவும், ஒருவர் வீட்டுக்குள் காலடி வைக்கும்போதும் சொல்கிறோம். அங்கே ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் 'பெர்மெஸ்ஸோ'தான். உள்ளிருந்து 'அவான்த்தி', வாருங்கள், என்று பதில் வரும்.