காய்ந்த பசை

அந்தப் பெண்ணுக்கு மைனஸ் 11 பவர். கருவிழி மெலிதாக இருந்ததால் லேசர் வேண்டாம் என்று டாக்டர் ஐசிஎல் வைத்தார். கண்ணின் சொந்த லென்ஸை எடுக்காமல், அதற்கு முன்னால், ஐரிஸ் என்ற நிறத் திரைக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய லென்ஸைச் செருகும் சிகிச்சை. தியேட்டரில் கருவிகளுக்குப் பொறுப்பு நான்.

மறுநாள் காலை கண்மூடியை எடுத்ததும், "சிஸ்டர், ஒரே புகையாத் தெரியுது" என்றார். வலி பெரிதாக இல்லை. டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வீங்கியிருந்தது. ஜன்னல் வெயிலில் தூசி பறப்பதுபோல உள்ளே வெள்ளை அணுக்கள் மிதந்தன.

கிருமித் தொற்றோ என்று எனக்குக் கை நடுங்கியது. தொற்று பெரும்பாலும் 2 நாள் கழித்து, வலியோடு வரும். இது ஒரே இரவில் வந்திருக்கிறது. இது 'டாஸ்' (TASS) என்றார் டாக்டர். கிருமியே இல்லாமல், கண்ணுக்குள் போய்விட்ட ஏதோ ஒரு பொருள் கிளப்பும் அழற்சி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு சொட்டு மருந்து மணிக்கு ஒரு தடவை. தொற்றாக இருந்துவிடக் கூடாதே என்று அன்று சாயங்காலமே மறுபடி பார்த்தார். வீக்கம் கூடவில்லை.

சொட்டு விடும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி தூக்கத்துல கண்ணைத் தேய்ச்சிட்டேனா சிஸ்டர்?"

"இல்லம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அப்புறம் ஸ்டெரிலைசேஷன் அறைக்குப் போய் கண்ணுக்குள் திரவம் செலுத்தும் மெல்லிய குழாய்களான கேனுலாக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆபரேஷனில் கண்ணுக்குள் விடும் விஸ்கோ என்ற ஜெல், பசை மாதிரி இருக்கும். அந்த மெல்லிய குழாய்க்குள் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் 121 டிகிரியில் கிருமி சாகும், பசை அப்படியே இருக்கும். சோப்பு நீரின் மிச்சமும் அப்படித்தான். முந்தைய நாள் வரிசையாக 9 ஆபரேஷன். அவசரத்தில் ஒரு கேனுலாவைச் சரியாக அலசாமல் வைத்திருக்கலாம். வைத்தது நானாகவும் இருக்கலாம். காரணம் இதுதான் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்த வாரமே ஐசிஎல்லுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேனுலாவுக்கு மாறினோம். மற்றவற்றைக் காயவிடாமல் டேபிளிலேயே ஸ்டெரைல் வாட்டரால் அலச ஆரம்பித்தோம்.

சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தோம். ஸ்டெராய்டால் கண் அழுத்தம் ஏறலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அளந்தோம். மூன்றாவது வாரம் பார்வை தெளிந்து வந்தார். டாக்டர் அனுமதியோடு கேனுலா விஷயத்தை நானே அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நான் தேய்க்கலையே" என்றார்.