23 முறை 'புரியுது, புரியுது'

டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருடம் செவிலியராக இருந்துவிட்டுத்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் போல இயந்திரத்தோடு இருப்பவர்கள் அந்த வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடும் படிவமெல்லாம் கிடையாது. உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை ஆராய வேண்டும். பண்புசார் ஆய்வு. எனக்கென்ன, இத்தனை வருடமாகச் செய்துவந்ததும் நோயாளிகளோடு பேசுவதுதானே என்று நினைத்திருந்தேன்.

நெறிமுறைக் குழுவிலிருந்து விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. நான் வேலை பார்த்த பிரிவிலேயே ஆட்களைச் சேர்ப்பதாக எழுதியிருந்தேன். 'நாளைக்கு ஊசி போடப் போகிறவர் இன்றைக்குப் பேட்டி கேட்டால் யார் மாட்டேன் என்பார்?' என்று ஒற்றை வரிக் கேள்வி. கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். வேறொரு மையத்துக்கு மாறினேன். அங்கே சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் தகவல் தாளைக் கொடுப்பார். விருப்பமுள்ளவர்கள் அவரிடம் சொல்லியனுப்பலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சையில் எதுவும் மாறாது. நடுவில் ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வேன் என்பதையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புதல் வந்தது. ஐந்து மாதம் அதிலேயே போயிற்று.

முதல் பேட்டி 19 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர். என்னிடம் 14 கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. திருப்தியாகத்தான் கிளம்பினேன். ஒலிப்பதிவைக் கேட்ட நெறியாளர் கருத்து எதுவும் சொல்லவில்லை. 'ஒரு சொல் விடாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்' என்றார், அவ்வளவுதான். செய்தேன். 23 இடத்தில் 'புரியுது, புரியுது' என்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் அங்கேயே நிறுத்தியிருக்கிறார். எனக்குத்தான் புரிந்துவிட்டதே, அதற்குமேல் அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

அதைவிட மோசம் எட்டாவது நிமிடம். தாகம் தாங்காமல் ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். 'எவ்வளவு குடிச்சீங்க?' என்கிறேன். வார்டில் பேசும் அதே குரல். 'இப்படிக் குடிச்சா நுரையீரல்ல நீர் சேரும், தெரியுமில்ல?' நான்கு விநாடி மௌனம். அப்புறம், 'தெரியும் சிஸ்டர்.' அதற்குப் பிறகு பதிவு முழுக்க ஒற்றைச் சொல் பதில்கள்தான். நான் சீருடையில் போகவில்லை. அதுவரைக்கும் அவர் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டதும் இல்லை.

14 கேள்வியை நான்காகக் குறைத்தேன். 'எங்கேர்ந்து சொல்லணும்னு தோணுதோ அங்கேர்ந்து சொல்லுங்க' என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுவேன். பெரும்பாலும் ஆறு, ஏழுக்குள் பேச்சு தொடர்ந்துவிடும். அப்படி வந்தவற்றில் ஒன்று: ஒருவர் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்ட கையைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம், அதில் ரத்தம் ஓடும் இரைச்சல் நின்றுவிடக் கூடாதே என்று. அதிர்வைத் தினமும் தொட்டுப் பாருங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அது காதில் விழாமல் ஒருவருக்குத் தூக்கமே வராது என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். (அந்தக் கை மேல் தலையை வைத்து அழுத்திவிடக் கூடாது என்று வாய்வரை வந்தது. பதிவை நிறுத்திய பிறகு சொன்னேன்.)

மொத்தம் 17 பேர். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது; முதுகுவலியைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பகுப்பாய்வுக்கு பிரான், கிளார்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006ல் எழுதிய ஆறு கட்ட முறையை எடுத்துக்கொண்டேன். வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறிப்புப் பெயர் வைக்க வேண்டும். நான் வைத்த பெயர்களைப் பார்த்தால் 'நீர்க் கட்டுப்பாடு மீறல்', 'ஒத்துழையாமை'. கேஸ் ஷீட்டில் எழுதுவது போலவே இருந்தன. அழித்துவிட்டு அவர்கள் வாயிலிருந்து வந்ததையே வைத்தேன்: 'ஒரு வாய்த் தண்ணிக்குக் கணக்குப் போடுறது'. நாள்பட்ட நோய் வாழ்க்கைக் கதையையே முறித்துப் போடுகிறது என்று சமூகவியலாளர் மைக்கேல் பரி 1982ல், முடக்குவாத நோயாளிகளிடம் பேசி எழுதியிருக்கிறார். எல்லோரையும் அதற்குள் அடைக்கப் பார்த்தேன். ஏற்கெனவே மூன்று நோயோடு இருந்த வயதானவர்கள் அடங்க மறுத்தார்கள். 'இதுவும் ஒண்ணு, அவ்வளவுதான்' என்றார்கள்.

ஆய்வரங்கில் வழக்கமான கேள்வி வந்தது: 17 பேரை வைத்துக்கொண்டு எத்தனை சதவீதம் என்று சொல்வீர்கள்? சொல்ல மாட்டேன் என்றேன். எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதற்கு வேறு முறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு இதுதான் வழி. பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

கட்டுரை அனுப்பும்போது பேட்டி வழி ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்கிற கோரெக் (COREQ) என்ற 32 அம்சப் பட்டியலை நிரப்பச் சொன்னார்கள். பேட்டி எடுத்தவரின் தொழில் என்ன, பங்கேற்றவர்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும் என்பவையும் அதில் உண்டு. எட்டாவது நிமிடத்தை அங்கே எழுதினேன்.

அதற்கு முன்னால், முடிவுகளை ஒரு பக்கத்தில் சுருக்கிப் பங்கேற்றவர்களிடமே கொடுத்திருந்தேன். ஒரு அம்மா படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். 'எல்லாம் சரிதாம்மா. ஆனா நான் இவ்வளவு அழுமூஞ்சியாவா பேசினேன்?'

வீட்டுக்கு வந்து அவர் பேட்டியை எடுத்துப் பார்த்தேன். 'சிரிக்கிறார்' என்று நானே அடைப்புக்குறிக்குள் 11 இடத்தில் தட்டச்சு செய்திருந்தேன். ஒன்றுக்குக்கூடக் குறிப்புப் பெயர் வைக்கவில்லை. நெறியாளரிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டேன்.