இறம்பொடையில் அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை: அடப்டிவ் சஸ்பென்ஷனுக்குக் காசு கொடுக்கலாமா?

இறம்பொடை வளைவுகளில் அம்மா சத்தி எடுக்கவில்லை. எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும். புசல்லாவ தாண்டும்போதே ஒரு பையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிற மனுசி, இந்தத் தடவை பின் இருக்கையில் நிமிர்ந்து இருந்து, கொழுந்து எடுக்கிற பெண்களைப் பேரப்பிள்ளைக்குக் காட்டி, அனுமான் கோவில் வரும் வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். அதைக் கண்ணாடியில் பார்த்த நேரமே என் மனம் பாதி முடிவாகிவிட்டது. மீதிப் பாதிதான் காசுப் பிரச்சினை, அதைப் பிறகு சொல்கிறேன்.

பயணத்துக்குக் காரணம் இரண்டு. சீதையம்மன் கோவிலில் அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. எனக்கு ஒரு ஜீப் வாங்க வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், திறந்தும் வரி இருக்கிற இருப்பில் புது லக்சரி ஜீப்பை நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே பாவித்த வண்டிதான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஒரே மாடல், ஒரே வருடம், ஏழு இருக்கை ஐரோப்பிய ஜீப்பை விற்கப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் சாதாரண ஸ்பிரிங், சாதாரண ஷாக் அப்சோர்பர், 19 அங்குல ரிம். மற்றதில் நாலு சக்கரத்துக்கும் எயார் பை, அடப்டிவ் ஷாக், 21 அங்குல ரிம். விலை வித்தியாசம் 25 இலட்சம். டீசல் அடித்து ஓட்டிப் பாருங்கள் என்று இருவருமே சாவியைத் தந்தார்கள். அத்தான் ஒன்றில், நான் ஒன்றில், அக்காவும் பிள்ளைகளும் அம்மாவும் மாறி மாறி. வெள்ளவத்தையில் இருந்து கண்டி வீதியால் ஏறி, கம்பளை, நுவரெலியா, வெலிமடை, எல்ல, வெல்லவாய என்று இறங்கி, அம்பாந்தோட்டையில் ஹைவே பிடித்துத் திரும்புவதுதான் திட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைக் குழப்பியே விளம்பரம் போடுகிறார்கள். எயார் பை என்பது விபத்தில் விரிகிற பை இல்லை, காற்று நிரப்பிய ரப்பர்ப் பை, ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது. வண்டியின் பாரத்தைத் தாங்கும், உயரத்தைக் கூட்டும் குறைக்கும், பின்னால் ஆட்களும் பெட்டியும் ஏறினாலும் பின்பக்கம் தொங்க விடாது. அடப்டிவ் என்பது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக்கில் இருக்கிற வித்தை. ஷாக்குக்குள் எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் போய்வருகிறது, அந்த வழியை மின்சார வால்வு ஒன்று நொடிக்குப் பல தடவை இறுக்கியும் தளர்த்தியும் விடுகிறது. சாதாரண ஷாக்கில் இந்த இறுக்கம் ஃபக்டரியில் ஒரு தடவை தீர்மானித்ததுதான். வால்வே இல்லாமல், காந்தப் புலத்தில் தடிக்கிற எண்ணெயைப் போட்டு 2002 இல் கடிலாக் ஒரு வகையைக் கொண்டுவந்தது, அதுவும் இந்த இனம்தான். எயார் பை இல்லாமல் அடப்டிவ் ஷாக் மட்டும் உள்ள ஜீப்புகளும் உண்டு. முடிந்தால் அப்படி ஒன்றைத் தேடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். எனக்குக் கிடைத்த இரண்டில் அந்தத் தெரிவு இல்லை.

கடுகண்ணாவை வரைக்கும் எழுத ஒன்றுமில்லை. நெரிசல், பஸ், நெரிசல்.

புசல்லாவையில் வீதியோரக் கடை ஒன்றில் நிறுத்தினோம். கோதுமை மா ரொட்டி, தோட்டத்துப் பக்கம் சுடுகிற மாதிரி தடிப்பாக, தேங்காய்ப்பூ கடிபட, ஓரம் கொஞ்சம் கருகி. கூடவே அம்மியில் அரைத்த கட்டச்சம்பல், வெங்காயத்தின் சாறு இன்னும் தண்ணியாக விட்டுக்கொண்டு இருந்தது. அத்தான் கணக்கில்லாமல் சாப்பிட்டார். நானும்தான். ஒரு பிளேன்டீயோடு ஆளுக்கு வந்த காசு கொழும்பில் ஒரு ரோல்ஸுக்குக் காணாது. மலைக்கு ஏறுகிறவர்கள் கண்ணாடி போட்ட பெரிய ரெஸ்டோரண்டுகளில் நிறுத்திக் காசைக் கொட்டுவது ஏன் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அங்கிருந்துதான் அந்த ஏற்றம். அடப்டிவ் வண்டி என் கையில், அம்மா பின்னால். இடம், வலம், உடனே மறுபடி இடம் என்று வளைவுகள் ஒன்றன் வாலில் ஒன்றாக வருகிற இடத்தில்தான் இந்த ஷாக்கின் பெறுமதி தெரிகிறது. நீண்ட ஒரே வளைவில் வண்டி கடைசியில் எவ்வளவு சாயும் என்பதை ஷாக் தீர்மானிப்பதில்லை, அது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கிற குறுக்குக் கம்பியும் பார்க்கிற வேலை. ஆனால் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது, சாய்ந்த பிறகு மிச்சமாக ஒரு ஆட்டம் ஆடுகிறதா என்பது ஷாக்கின் கையில். வயிற்றைப் பிரட்டுவது அந்த மிச்ச ஆட்டம்தான். ஷாக்கை மெத்தென்று வைக்கிற கம்ஃபோர்ட் மோடில் போட்டே ஓட்டினேன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் இறுகிக்கொள்கிறது, நேரே வந்ததும் தளர்ந்துவிடுகிறது, இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுள்ள ஒரு ஜீப் இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை. 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாக் குளிரில் இறங்கினபோது அம்மாவின் முதல் வார்த்தை "பசிக்குது".

அடுத்த நாள் நேர்த்தி முடித்து, வேண்டுமென்றே அம்மாவை அத்தானின் வண்டியில் ஏற்றினேன். வெலிமடை வீதி இறம்பொடை அளவுக்கு மோசமான வளைவு இல்லை. அப்படியிருந்தும் வெலிமடை வரும் முன்னமே அம்மா பேச்சை நிறுத்திவிட்டார், பண்டாரவளையில் தேசிக்காய் கேட்டார். அத்தான் மெதுவாகத்தான் ஓட்டினார், அவரில் பிழை இல்லை. எல்லாரும் ஏறி, டிக்கி நிறையப் பெட்டியும் இருந்ததால் ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கம் பதிந்து, ஒவ்வொரு திட்டியிலும் ஒரு தடவை கூடுதலாக எழும்பி இறங்கியது. பின்னால் போன எனக்குக் கண்ணால் காணக்கூடியதாக இருந்தது.

எல்லவைப் பற்றி எழுதவே மனமில்லை. வீதியோரத்தில் நிறுத்தினதுக்கு ஒருவர் வந்து ஆயிரம் ரூபாய் கேட்டார், வண்டிக்கு ஆயிரமாம், இரண்டுக்கு இரண்டாயிரம். டிக்கட் கேட்டால் இல்லை. முன்னால் நின்ற சின்னக் காரிடம் இருநூறுதான் வாங்கினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சண்டை பிடித்து ஐநூறோடு முடித்தோம். பெரிய ஜீப் வாங்கினால் இந்தச் செலவும் மாதாமாதம் கூடவே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய அடி அதற்குப் பிறகு. எல்லவில் இருந்து வெல்லவாய இறக்கத்தில், எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட ஒதுங்கியபோது, தார் விளிம்பில் உடைந்து கிடந்த கானுக்குள் அடப்டிவ் வண்டியின் முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் "டக்" என்று உலோகம் உலோகத்தில் பட்ட சத்தம். கீழே இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில் கோழி முட்டை அளவுக்கு ஒரு வீக்கம், கையை வைத்தால் மெத்தென்று இருக்கிறது. உள்ளே நூல் அறுந்துவிட்டது, இனி ஓட்ட முடியாது.

இதில் ஷாக் ஏன் காப்பாற்றவில்லை? சக்கரம் அடிபட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். முன்கூட்டியே கமெராவால் வீதியைப் பார்த்துத் தயாராகிற முறையை மெர்சிடிஸ் 2013 இல் எஸ் கிளாஸில் கொண்டுவந்தது, நான் ஓட்டியதில் இருப்பது அது இல்லை. முதல் அடியைத் தாங்க வேண்டியது டயரின் ரப்பர்ச் சுவர். ஸ்பிரிங் வண்டியின் டயர் 235/55 ஆர்19, சுவர் உயரம் 129 மில்லிமீற்றர். இதனது 275/40 ஆர்21, வெறும் 110. அந்தக் குறைந்த இரண்டு சென்ரிமீற்றரைத்தான் கான் தின்றுவிட்டது. வெல்லவாயவில் டயர் கடைக்காரர் அளவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார். டிக்கியில் இருந்த மெல்லிய ஸ்பேர் சக்கரத்தைப் போட்டு, 80 க்கு மேல் போகாமல் தணமல்வில, அம்பாந்தோட்டை, பிறகு முழு ஹைவேயும். வீடு வந்து சேர நடுச்சாமம். டயர் காசு என் கணக்கில், இரவல் வண்டி என்றால் அதுதான் மரியாதை.

ஹைவேயில் 100 இல் வந்த அத்தானைக் கேட்டேன், ஸ்பிரிங் வண்டி ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வந்ததாம். 100 தான் எல்லை என்கிற நாட்டில், நல்ல தாரில், இந்த வித்தைக்கு வேலை குறைவு. கொழும்புக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். காலி வீதியில், மரைன் டிரைவில் வெட்டி மூடின பள்ளங்களில் 30 இல் போகும்போது 19 அங்குல ரிம் போட்ட சாதாரண வண்டிதான் மெத்தென்று போகிறது, 21 அங்குல ரிம் ஒவ்வொரு மூடியையும் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறது. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு ஒபிஸ் போய்வர மட்டும் ஜீப் தேடுகிறவர் அடப்டிவுக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. இதை அடித்துச் சொல்வேன்.

எனக்கு அப்படி இல்லை. வருடத்தில் பல தடவை மலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அம்மாவோடும் சாமானோடும் ஓட வேண்டும். பயம் ரிப்பேர் செலவில்தான். தெரிந்த கராஜில் விசாரித்தால் எயார் பையும் ஷாக்கும் சேர்த்து ஒரு மூலைக்கே மூன்று இலட்சத்துக்குக் கிட்டச் சொல்கிறார்கள். ரப்பர்ப் பை வயதாக ஆக மடிப்புகளில் வெடிக்கும், மெதுவாகக் காற்றுப் போகும், அதை ஈடு செய்ய, பைக்குக் காற்றடிக்கிற கொம்பிரஷர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். 2022 இல் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்றி அறுபதுக்குப் போனதைப் பார்த்தவர்கள் பார்ட்ஸ் விலையை நம்பி இருக்க மாட்டார்கள்.

ஆகவே அடப்டிவ் வண்டிக்காரரிடம் 25 இல்லை, 15 இலட்சம்தான் கூடுதலாகத் தருவேன், மிச்சம் பத்தும் ரிப்பேருக்கு ஒதுக்குகிற காசு என்று சொல்லியிருக்கிறேன். 21 அங்குல ரிம்மைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டும், 19 அல்லது 20 போட்டுத் தந்தால் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை விடிய, இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ண விடாமல், அத்தானும் நானும் அளவு நாடாவோடு போகிறோம். நாலு மூலையிலும் சக்கர மையத்தில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து, ஒரு மூலை பதிந்திருந்தாலும் அங்கே காற்றுப் போகிறது என்றுதான் அர்த்தம், திரும்பி வந்துவிடுவோம்.